பதினேழாவது பொட்டலம்

ரகு,

ஒரே வீட்டில் எதிரெதிர் அறைகளில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படி. நேரில் சொல்ல உட்கார்ந்தால் நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்வேன், நீ சொல்லும் வார்த்தையைத் திருத்துவேன், அதற்குள் காபி ஆறிவிடும், விஷயமும் ஆறிவிடும். நேற்று அப்படித்தான் ஆயிற்று. அதனால் நீ அடையாற்றுக்கு உன் நண்பனைப் பார்க்கப் போயிருக்கும் இந்த மத்தியான வேளையில், அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே ஐப்பசி மழை. குளத்துப் பக்கம் போகும் ஆட்டோக்கள் தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் பத்து நாளில் நீ ஜப்பானுக்குப் போகிறாய். ஐந்து வருஷம் என்கிறாய். எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. உனக்குப் புத்தி சொல்லி அனுப்பவேண்டிய நேரத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. புத்தியும் அதிலேயே இருக்கிறதா பார்.

உனக்கு ஆறு வயது இருக்கும். நம் வீட்டுப் பின்புறம் குளியலறைத் தண்ணீர் ஓடும் சுவரோரம் குந்திக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் இரண்டு முழங்கையும் பச்சை. "என்னடா பண்றே அங்கே?" என்று நான் கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மா, இதுக்கு வேர் எங்கே இருக்கு?" என்று கேட்டாய். "அழுக்குக்கு ஏதுடா வேர்?" என்றேன். அன்றைக்கே ஆளை விட்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்க்கவைத்தேன். சுவர் வெளுத்தது. நீ அழவில்லை. தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை இறக்காமல் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் குதித்துக்கொண்டு ஓடிவந்தாய். "அது திரும்பி வந்துடுத்தும்மா!" யாரோ ஊருக்குப் போன உறவுக்காரர் வந்துவிட்ட மாதிரி. அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "அது எங்கேடா போச்சு, வரதுக்கு? உங்கம்மாவுக்குப் பயந்துண்டு சுவத்துக்குள்ளேயே உக்காந்திருந்திருக்கும்" என்றார். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்த்த இடம் மறுபடி அழுக்கானதில் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் கான்வென்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நோட்டு. ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. ரஃப் நோட்டில் அடிக்கலாம், கிறுக்கலாம், மை கொட்டலாம். அதைப் பார்த்து ஃபேர் நோட்டில் ஒரு அடித்தல் இல்லாமல் எழுதவேண்டும். வருஷக் கடைசியில் சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ரஃப் நோட்டை எங்கள் கையாலேயே கிழித்துக் குப்பைக்கூடையில் போடச் சொல்வார். ஃபேர் நோட்டு மட்டும் அலமாரிக்குப் போகும். கையெழுத்துக்கு மூன்று வருஷம் எனக்குத்தான் பரிசு. அந்தப் பரிசை நான் வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டு வந்துவிட்டேன். அப்பாவின் ஆபீஸ் விண்ணப்பங்கள், சொந்தக்காரர்களின் கல்யாண உறைகள், உன் பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டின் முகப்பு, எல்லாம் என் கையெழுத்து. "உங்கம்மா கை பட்டுதுன்னா அதுல தப்பே இருக்காது" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். மனுஷர் அன்பாகத்தான் சொன்னார். நான் அதை நம்பிவிட்டேன்.

நீ காலேஜில் தாவரவியல் எடுத்தபோதும், பிறகு ஆராய்ச்சி என்று கிளம்பியபோதும், நான் உன்னோடு முழுசாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் சித்தி பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகர் போனோமே, நினைவிருக்கிறதா? மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே ரங்கநாதன் தெருவுக்குள் கொண்டுவந்து விட்டது. ஒரு கடையின் பக்கச் சந்தில் ஏசி தண்ணீர் சொட்டும் சுவரைப் பார்த்ததும் நீ குந்தி உட்கார்ந்துவிட்டாய். தலைமுடி கிளிப் விற்றுக்கொண்டிருந்த ஆள், "இன்னா சார், மோதிரம் எதுனா வுழுந்துச்சா?" என்று கேட்டான். அதைக் கேட்டு நாலு பேர் குனிந்து மோதிரத்தைத் தேட ஆரம்பித்தார்கள். "ஒண்ணும் விழலைங்க, பாசி பாக்கறேன்" என்றாய். "பாசி பாக்கவா தி.நகர் வந்த? எங்கூட்டாண்ட வா நைனா, மூணு செவுரு நெறைய கீது, சும்மாவே பாத்துக்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அவனிடம் வீடு எங்கே என்றுகூடக் கேட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தடி தள்ளிப் போய், ஒரு கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய புடவையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். யாரோ பிள்ளை, யாரோ கூட்டம் என்பதுபோல. நீ அதைக் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கவனித்திருப்பாய். கண்ணுக்குத் தெரியாத செடியைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அம்மா நகர்ந்தது தெரியாதா?

ஆனால் நீ என்னை விடவில்லை. பால்கனியில் ஒரு மண்சட்டியில், சுவர்ப் பாசி ஜாதியிலேயே ஈரல் செடி என்று ஒன்றை வளர்த்தாய். பச்சை ஈரல் துண்டு மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தமாதிரி, மடல் மடலாக. என் மூக்குக் கண்ணாடிக்கு மேல் உன் லென்ஸை வைத்துப் பிடித்து, "இப்போ பாரும்மா" என்றாய். மடல்மேல் சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. "மூச்சு விடற துளை. தரையில முதல்ல குடியேறினது இதோட சொந்தக்காராதான். தவளை, பல்லி எல்லாம் தரைக்கு வந்தது அதுக்கு ரொம்பப் பின்னாடி. அப்போ வெறும் பாறையும் சேறும்தான். வேர் கிடையாது, தண்டு கிடையாது, பூ கிடையாது. தண்ணிய விட்டு வெளியில வந்தா காஞ்சுபோயிடும். காயாம இருக்க மூடிண்டா மூச்சு முட்டிடும். ரெண்டுக்கும் நடுவுல அது எப்படிப் பொழைச்சுதுன்னு தெரிஞ்சுக்கறதுதான்மா என் வேலை" என்றாய். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுக்குக்கு வேர் எங்கே என்று ஆறு வயதில் நீ கேட்டது அழுக்கைப் பற்றிய கேள்வியே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே மடலில் குட்டிக் கிண்ணங்கள் இருந்தன. உள்ளே பச்சைப் பொட்டுகள். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் அந்தப் பொட்டுகள் தெறித்து எங்கேயோ போய் விழுந்து ஒவ்வொன்றும் தனிச் செடியாகும் என்றாய். "கிண்ணத்துக்குள்ளேயே இருந்தா?" என்று கேட்டேன். "வளராது. அம்மாச் செடி வளர விடாது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "உன்னைச் சொல்லலைம்மா, செடியைச் சொன்னேன்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக இன்னொன்றும் சொன்னாய். தண்ணீரில் இருக்கிற பாசிகள் கருவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும், தரைக்கு வந்த செடிதான் அதைத் தன் உடம்புக்குள் வைத்துச் சோறு போட்டு வளர்க்கக் கற்றுக்கொண்டது, இன்றைக்கு இருக்கிற மரம் மட்டை புல் பூண்டு எல்லாமே அந்தப் பழக்கத்தில் வந்தவை என்று. அம்மாவைச் சமாதானப்படுத்த அறிவியலில் இடம் தேடுகிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எட்டு வருஷம் முன்னால், ஆனைமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பத்து நாள் சுற்றிவிட்டு, நாற்பது காகிதப் பொட்டலங்களோடு வந்தாய். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாய். உடம்பு கொதித்தது. கூடத்தில் பேப்பரை விரித்துப் பொட்டலங்களைப் பரப்பிவிட்டு, "தொடாதேம்மா, காத்துல காயட்டும்" என்று சொல்லிப் போய்ப் படுத்தவன், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பிடி பாசி, கூடவே ஒரு பஸ் டிக்கெட். டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் நம்பரும் இடமும் கிறுக்கியிருந்தாய். கிறுக்கல் என்றால் அப்படி ஒரு கிறுக்கல். பொட்டலம் மடித்திருந்தது நோட்டிலிருந்து கிழித்த, சேறு படிந்த காகிதத்தில். என் பிள்ளையின் உழைப்பு ஒரு பேராசிரியரின் மேஜைக்கு இந்தக் கோலத்திலா போகவேண்டும் என்று எனக்குத் தாங்கவில்லை. நீ தொடாதே என்றதை நான் கேட்டேன். கேட்டுவிட்டுத் தொட்டேன்.

நல்ல வெள்ளைத்தாள் எடுத்து நாற்பது பொட்டலம் அளந்து மடித்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்து, பாசியைப் புதுப் பொட்டலத்துக்கு மாற்றி, டிக்கெட்டில் இருந்ததை மேலே மை பேனாவால் என் கான்வென்ட் எழுத்தில் எழுதினேன். பதினாறு வரை ஒரு பிசகில்லை. பதினேழும் பதினெட்டும் ரொம்ப ஈரமாக இருந்தன. அந்த இரண்டையும் பிரித்து, காயட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபேனைக் கூட்டிவிட்டுக் குக்கரை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு டிக்கெட்டும் பறந்து சோபாவுக்கு அடியில் கிடந்தன. எது எதனுடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு டிக்கெட்டில் 'பதினேழு, சோலைக்காடு, ஓடைப் பாறை' என்று இருந்தது. இன்னொன்றில் 'பதினெட்டு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி, சாக்கடைச் சுவர்' என்று இருந்தது.

உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். காய்ச்சலில் தூங்குகிறவனை எழுப்புவானேன் என்பது ஒரு சாக்கு. தொடாதே என்றதைத் தொட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். இரண்டு பாசியையும் பார்த்தேன். ஒன்று மெல்லிசாக, பளபளப்பாக, ஓரம் சுருண்டு, அழகாக இருந்தது. மற்றது தடித்து, கறுத்து, கிழிந்த செருப்புத் தோல்மாதிரி இருந்தது. அழகானது காட்டு ஓடையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும், அசிங்கமானது சாக்கடையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க அதில் ஒன்றும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. பிறகு நாற்பது டிக்கெட்டையும் வீட்டு வேலைக்கு வந்த கஸ்தூரியைக் கூட்டித் தள்ளச் சொன்னேன். ஃபேர் நோட்டு எழுதியாயிற்று, ரஃப் நோட்டு எதற்கு?

நீ எழுந்துவந்து பொட்டலங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாய். "டிக்கெட்டெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டாய். "அதான் அத்தனையும் அழகா எழுதியிருக்கேனே" என்றேன். உன் முகம் ஒருமாதிரி ஆயிற்று. ஆனாலும் என் கையைப் பிடித்து, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது சந்தோஷத்தில் உனக்கு உட்காரவே முடியவில்லை. பதினேழாம் பொட்டலத்துச் செடியில் மூச்சுத் துளைகள் பாதியில் நின்றிருக்கின்றன என்றாய். ஆய்வுக்கூடத்தில் ஒரு மரபணுவைக் கெடுத்துத்தான் அப்படிச் செய்ய முடியும், இங்கே இயற்கையே செய்து வைத்திருக்கிறது, முதலில் தரைக்கு வந்த செடிகள் துளைபோடக் கற்றுக்கொண்ட விதம் இதிலிருந்து தெரியலாம் என்றாய். காய்ந்த துணுக்கில் உருவத்தைப் பார்க்கலாமே தவிர வளர்வதைப் பார்க்க முடியாது, அதனால் உயிரோடு வேண்டும், அந்த ஓடைக்கு மறுபடி போகிறேன் என்றாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா, "எடுத்த இடத்துல இருக்கத்தானேடா போறது. அதான் உங்கம்மா முத்து முத்தா எழுதி வெச்சிருக்காளே" என்றார்.

அந்த மழைக்காலம் போனாய், கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். அந்தத் துக்கத்திலும் மழை பிடித்ததும் போனாய், கிடைக்கவில்லை. மூன்றாம் முறை போய்விட்டு வந்தபோது கணுக்கால் முழுக்க அட்டைக்கடி. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நான்தான்மா தப்பா எழுதியிருக்கேன். சாரும் அதைத்தான் சொல்றார். ஒரு லேபிள் தப்புன்னா மத்த முப்பத்தொன்பதையும் எப்படி நம்பறதுன்னு கேக்கறார். கரெக்ட்தானே?" என்றாய். என் கையில் சாம்பார்க் கரண்டி. அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்தது என்ன, நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாக்கணும்டா. சின்ன வயசுலேர்ந்து சொல்றேன், உனக்கு அந்தக் கவனம் வரவே இல்லை."

என் தப்புக்கு உன்னைத் திட்டினேன் ரகு. நீ தலையாட்டிக்கொண்டு போய்க் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ மலைக்குப் போகவே இல்லை. மற்றவர்கள் கொண்டுவந்த செடிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தாய். அதிலும் நல்ல பேர் வாங்கினாய், ஜப்பான்காரர்கள் கூப்பிடும் அளவுக்கு. ஆனால் காடு என்றாலே முகம் மலர்ந்தவன், யாராவது கேட்டால் "எனக்கு ஃபீல்டு வேலைக்குக் கை சரியில்லை" என்று சொல்லப் பழகிக்கொண்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அலமாரியை ஒழித்தாய். பொட்டலங்களைப் போட்டுவைத்திருந்த அந்த ஷூ பெட்டியை எடுத்து வைத்து, "இதைத் தூக்கிப் போட்டுடலாம்மா, பொய் லேபிளைக் காப்பாத்தி என்ன பண்றது" என்றாய். பெருக்கிக்கொண்டிருந்த கஸ்தூரி, "பேப்பர்காரன் வர்ற நேரம்தான் தம்பி, போட்டுடவா?" என்றாள். "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். நீ குளிக்கப் போனதும் அவள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"இது அந்த பஸ் டிக்கெட்டு மேட்டர்தானம்மா?"

"உன் வேலையைப் பாரு. வாயை மூடிக்கோ."

"மூடிக்கினுதான் கீறேன், எட்டு வருசமா. சோபாக்கு அடியிலேர்ந்து நீ ரெண்டு டிக்கெட்ட எடுத்துக்கினு முழிச்சிக்கினு நின்னத நான் பாக்கல? அப்பால அல்லாத்தையும் கூட்டித் தள்ளுன்னு சொன்ன. புள்ள காலெல்லாம் கடி வாங்கினு வந்து நிக்கசொல்லோ எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ம இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நானா? உன் புள்ளைக்கி நீ சொல்லாத நான் சொன்னா நல்லாவா இருக்கும்? ஆத்தோரம் குட்சயில இருந்தவள கொண்டுபோயி ஊரு கடேசில வுட்டானுங்க. ரெண்டு பஸ் மாறி வரேன் உன்னாண்ட. ஏன் வரேன்? நீ மூஞ்சிக்கு நேரா பேசறவன்னுதான்."

போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகத் தேய்த்தாள்.

இன்று நீ கிளம்பிப் போனதும் உன் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழாம் பொட்டலத்தைத் திறந்தேன். நீ உனக்கு வேண்டிய துணுக்கை மட்டும் எடுத்துப்போயிருக்கிறாய், பெரிய பாதி அப்படியே இருக்கிறது. நீ எனக்குக் கற்றுக்கொடுத்தபடியே லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, பொருளைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். அடிப்பக்கத்து மண்ணில் வெள்ளையாக ஏடு ஏடாக ஏதோ ஒட்டியிருந்தது. மணலாக இருக்கும், பாறைத் துணுக்காக இருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கினவள் நான். எனக்கு அது என்னவென்று தெரியும். ஒரு ஏட்டை நகத்தால் சுரண்டினேன். ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் நீலம். முந்தின வருஷம் அடித்த நீலத்தின்மேல் அடுத்த வருஷத்துச் சுண்ணாம்பு. காட்டு ஓடைப் பாறைக்கு யார் வெள்ளையடிப்பார்கள் ரகு?

அழகான செடி சாக்கடைச் சுவரிலிருந்துதான் வந்திருக்கிறது. நீ எழுதிய இரண்டு டிக்கெட்டிலும் தப்பில்லை. மற்ற முப்பத்தெட்டிலும் தப்பில்லை. நம்பரும் இடமும் நீ கிறுக்கினபடியே சரி. தப்பு மொத்தமும் என் அழகான எழுத்தில் இருக்கிறது. நீ மூன்று மழைக்காலம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தது அது இல்லாத காட்டில். அது ஒருவேளை நீ பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்த இடத்துக்கு இருபதடி பின்னால் இருந்திருக்கும்.

இப்போதும் அங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எட்டு வருஷத்தில் சாக்கடைக்கு சிமென்ட் பூசியிருக்கலாம், பஸ் ஸ்டாண்டையே மாற்றியிருக்கலாம். என்னைப்போல ஒருத்தி நின்று ப்ளீச்சிங் பவுடர் போடச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்காததால் அது போயிருந்தால், அந்தப் பழி என்னோடது. ஆனால் பின்பக்கச் சுவரில் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் இந்த ஜாதிதான், நீதானே ஓடிவந்து சொன்னாய்? உனக்குப் பத்து நாள் இருக்கிறது. சூட்கேஸை நான் அடுக்கிக்கொள்கிறேன். நீ நாளைக்கே கிளம்பு. போய் அந்தச் சாக்கடையோரம் குந்தி உட்கார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். மோதிரமா விழுந்தது என்று கேட்டால், இந்தத் தடவை ஆமாம் என்று சொல்லிக்கொள். கிடைத்தால் உன் சாருக்கும் எழுது, என் பேரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

அங்கே ஜப்பானில் யாராவது உன் மேஜையைப் பார்த்து முகம் சுளித்தால் கவலைப்படாதே. என் கண்ணால் உன்னைப் பார்க்காதே, அவ்வளவுதான். பால்கனிச் சட்டியின்மேல் குனிந்துகொண்டு நீ சொன்னாய், கிண்ணத்திலிருந்து தெறித்த பொட்டுக்கு மேல் பக்கம் கீழ்ப் பக்கம் கிடையாது, எந்தப் பக்கமாக விழுந்தாலும் சரி, வெளிச்சம் படுகிற பக்கம் மேலாகிவிடும் என்று. உன்னை எந்தப் பக்கமாக விழவேண்டும் என்று முப்பத்தாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, என் வயதில் பழக்கம் போகாது. சொன்னால் கேட்டுக்கொள், கேட்டபடி செய்யாதே.

மழைக்கு ஒதுங்கிக் கஸ்தூரி இன்னும் சமையலறையில்தான் இருக்கிறாள். இதை முழுவதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வேறு யார் படித்தாலும் இனி எனக்குக் கவலையில்லை. "சாக்கடைன்ற எடத்துல இன்னும் கொஞ்சம் நல்லா திட்டிக்கினு இருக்கலாம் நீ" என்றாள். பிறகு, "சரியா கீதும்மா, வுடு" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அடித்திருக்கிறது பார். 'காற்றில் பறந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்' என்று எழுதி அடித்தேன். படிக்க முடிகிறமாதிரிதான் அடித்திருக்கிறேன். நாலைந்து இடத்தில் மை தீற்றியிருக்கிறது. இதைப் பார்த்து எழுத நல்ல வெள்ளைத்தாள் மேஜையிலேயே இருந்தது. எழுதவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உனக்கு ரஃப் நோட்டைத் தருகிறேன். ஷூ பெட்டிக்குள் பதினேழாவது பொட்டலத்தின்மேல் வைக்கிறேன். பொட்டலத்தின்மேல் இருக்கும் என் எழுத்தை நான் அடிக்கவில்லை. அது உன் வேலை. பக்கத்தில் ஒரு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் சமையலறைக்கு வா. அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு. உன் கைமேல் காட்டாதே. அதில் ஒரு குறையும் இல்லை.

அம்மா